அயர்லாந்துத் தீவில் அப்பா போட்ட கிடை

1

நானும் அப்பாவும் அக்காவைக் கூட்டிவர அயர்லாந்துக்குப் போனோம்.

(மேலே உள்ள வாக்கியத்தைப் பின்னால் ஒருவர் திருத்துவார். அதுவரை அது அப்படியே இருக்கட்டும்.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் கோவில்பட்டிக் கல்லூரியின் ஆண்டு மலருக்கு நந்தகோபால் சார் பயணக் கட்டுரை கேட்டார். வகுப்பில் கடல் தாண்டியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கயத்தாறு தாண்டியதே தேர்வு எழுதத்தான். “முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூணும் இருக்கணும்டே. வெள்ளிக்கிழமை கடைசி நாள்” என்றார் சார்.

முதல் இரண்டும் கைவசம் இருக்கின்றன. மூன்றாவது என் அப்பாவிடம் இருக்கிறது. தரமாட்டேன் என்கிறார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘அட்லாண்டிக்கின் நீல மடியில் உறங்கும் பச்சைக் குழந்தையே!’ அடித்துவிட்டேன். அந்தக் காற்றில் எந்தக் குழந்தையும் உறங்காது.

இரண்டாம் முயற்சி: ‘மேற்குக் கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரப் பயணத் தொலைவில்...’ இது பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு.

மூன்றாவது, வெறும் விஷயம்: என் அக்கா முத்துசெல்வி நர்ஸ். 2003-இல் போனாள். அந்தத் தீவில் உள்ள சின்ன முதியோர் இல்லத்தில் வேலை. [தீவின் பெயரை எழுதவில்லை. எழுதினால் வாசித்துக் காட்டச் சொல்வீர்கள்.] இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடு என்கிறார்கள் அவர்கள். இங்கே கயத்தாற்றில் லாரி வைத்திருக்கிற மாப்பிள்ளையைப் பேசி வைத்திருக்கிறார் அப்பா.

“எனக்கு இங்கன இருக்கணும்ப்பா. ஆனா நீங்க வேண்டாம்னா கையெழுத்துப் போடமாட்டேன்” என்று போனில் சொன்னாள். அப்பா போனை வைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனார்.

தன்னைக் கூட்டிப்போக வருகிறவருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியதும் அக்காதான். பாத்திரப் படைப்பு பற்றித் தேர்வில் கேட்டால் இதை எழுதலாம்.

3

அப்பாவைப் பாத்திரமாக வைப்பதில்தான் எனக்குச் சந்தேகம். பெயர் பிச்சையா. நூற்றியிருபது ஆடு. கோடையில் கரிசல் காடுகளில் கிடை போடுவார்.* மதுரை தாண்டி எங்கும் போனதில்லை. விமானத்தில் மொத்தம் ஆறு சொல் பேசினார். அதில் நான்கு ‘தண்ணி’. வீட்டில் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒரு வதந்தி இருப்பதால் என்னையும் சேர்த்து அனுப்பினார்கள்.

*கிடை: அறுவடையான காட்டில் நாலைந்து பேருடைய ஆடுகளைச் சேர்த்து இரவு முழுக்க அடைத்து வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். காட்டுக்காரர் கூலியாகத் தானியம் தருவார். முகம் சுளிக்க வேண்டாம். நீங்கள் காலையில் தின்ற இட்லியின் உளுந்து அதில் விளைந்ததுதான்.

தீவில் இறங்கியதும் எதிரே வந்த கார்க்காரர்கள் எல்லோரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்கள்.

“தெரிஞ்சவியளா?” என்றார் அப்பா.

“இல்லப்பா. யாரப் பாத்தாலும் அப்படித்தான்” என்றாள் அக்கா.

மறுநாள் அப்பாவும் விரலைத் தூக்கினார். அவரிடம் ஸ்டீயரிங் இல்லாததால் கைத்தடியிலிருந்து.

பார்க்கவேண்டிய இடங்களை அக்கா காட்டினாள். முன்னூறு அடிக்கு நேராக வெட்டி இறக்கியது போன்ற பாறை, கீழே பால் பொங்குகிற மாதிரிக் கடல். சாம்பல் நிறப் பாறைப் பிளவுகளுக்குள் நீலப் பூக்கள். கரையில் படுத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்த கடல்நாய்கள். நான் நன்றியோடு வாயைப் பிளந்து நின்றேன். அப்பா வேலிகளைப் பார்த்தார். தீவு முழுக்கக் கல்வேலி. சுண்ணாம்பு கிடையாது, கல்மேல் கல். வாசலும் கிடையாது. நாலு கல்லைப் பிரித்து ஆட்டை உள்ளே விட்டு, மறுபடி அடுக்கிவிடுகிறார்கள்.

“கெட்டிக்காரப் பயலுவ” என்றார். அவர் அகராதியில் இதற்குமேல் விருது இல்லை.

4

மூன்றாம் நாள். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். ஜூன் மாதம் அங்கே பத்தரை மணிக்குத்தான் பொழுது அடையும். ஆனால் அப்பா சூரியனை நம்பவில்லை, கைக்கடிகாரத்தை நம்பினார்.

“ஏலே, மணி ஏழாச்சு. இம்புட்டு ஆடும் மேயுது. அடைக்க ஒரு ஆளக் காணோம்.”

“இங்க அடைக்க மாட்டாங்கப்பா.”

“நரி வந்தா?”

“இந்தத் தீவுல நரியே கெடையாதாம்.”

“நரி இல்லாத ஊரு எங்கலே இருக்கு?” என்று கேட்டபடி அவர் முதல் கல்லைப் பிரித்தார்.

ஆடுகளின் முதுகில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று சாய அடையாளம். மூன்று பேருடைய ஆடு என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அப்பாவுக்கோ அதுதான் கிடைக்கு லட்சணம். ஒரு கறுப்பு வெள்ளை நாய் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. அதற்கு ஐரிஷ், அப்பாவுக்குக் கரிசக்காட்டுத் தமிழ். மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் நாற்பத்தியொரு ஆடும் ஒரே வயலுக்குள் நின்றன. (நான் முப்பத்தேழு என்று எழுதியிருந்தேன். திருத்தியவரைப் பற்றிப் பின்னால்.)

காலையில் ஆட்டுக்காரர்கள் மூவரும் அக்கா வீட்டு வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவர் கோல்மன், அறுபத்தைந்து வயது, அந்த வயலும் அவருடையதுதான். அக்கா முகம் வெளுத்துவிட்டது. தான் இருக்க விரும்பிய ஊரில் அப்பா மூன்று குடும்பத்து ஆட்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்.

எல்லோரும் வயலுக்குப் போனோம்.

“ஒரு ராத்திரி கெடந்தா மண்ணுக்கு நல்லதுன்னு சொல்லு ஏட்டி” என்றார் அப்பா, பஞ்சாயத்தில் நிற்கிறவர் மாதிரி.

அக்கா சொன்னாள். கோல்மன் குனிந்து விரலால் மண்ணைத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் பாறை தட்டியது. என்னவோ நீளமாகச் சொன்னார்.

“இங்கன மண்ணே கெடையாதாம்ப்பா. வெறும் பாறைதான். அவிய தாத்தா கடல்பாசியும் மணலும் கூடையில சுமந்து வந்து கொட்டித்தான் இந்த வயல் உண்டாச்சாம். அதுக்குப் பெறகு யாரும் கேக்காம இதுக்கு நல்லது செஞ்சது நீங்கதானாம்.”

“மண்ணையா உண்டாக்குனாவ?”

எங்கள் ஊரில் மழை பெய்தால் முழங்கால்வரை உள்வாங்குகிற மண். அப்பா செருப்பைக் கழற்றிக் கல்வேலி மேல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வயலில் நின்றார்.

மற்ற இருவரும் அக்காவிடம் ஏதோ கேட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாளைக்கு அவிய வயலுக்கு வருவீங்களான்னு கேக்குதாக.”

அந்த வாரம் மூன்று கிடை. கூலி ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, ஒரு கம்பளிக் குல்லா. இதை எழுதுகிற இந்த வெயிலிலும் குல்லா அப்பா தலையில் இருக்கிறது. கழற்றச் சொன்னால் “கூலிடே இது” என்கிறார்.

5

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தீவுக்காரர்கள் கூடுகிற கடையில் பாட்டு. அப்பா டீ குடித்தார். கோல்மன் கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியம் இல்லாமல், பாட ஆரம்பித்தார். பாதியில் அவர் கை முன்னால் நீண்டது. அக்கா எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முகம்

(இந்த வாக்கியத்தைக் கைவிடுகிறேன். சரியான உவமை கிடைக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் அடிதடியில் முடிந்தன.)

பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்து அப்பா காதில் சொன்னேன்: பாடுகிறவர் துக்கத்தில் தனியாகிவிடக்கூடாது என்று கேட்கிறவர்களில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். கோல்மனின் தாயாரைக் கடைசி ஏழு மாதம் பார்த்துக்கொண்டது நம் அக்கா.

அக்கா அந்தக் கையைத் திருகை சுற்றுவதுபோல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை அப்பாவின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் படகுத்துறையில், கையெழுத்துப் போடட்டுமா என்று அக்கா கேட்டாள். “ரோசிச்சுச் சொல்லுதேன்” என்றார் அப்பா. மூன்று வாரமாக யோசிக்கிறார். அவள் கையெழுத்துப் போடவேண்டிய கடைசி நாளும் நாளைதான், வெள்ளிக்கிழமை.

6

முடிவு அ: அக்கா திரும்பி வந்து லாரிக்காரரை மணக்கிறாள். எதிரே வருகிற லாரிக்கெல்லாம் ஒரு விரலைத் தூக்குகிறாள். (வேண்டாம். எழுதிய எனக்கே பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: மாப்பிள்ளை தீவுக்குப் போய் கல் அடுக்கக் கற்றுக்கொள்கிறார். (அவரை யாரும் கேட்கவில்லை.)

முடிவு இ: அப்பாவே தீவில் குடியேறுகிறார். (இதை அடித்தவர் அம்மா ஆவுடைத்தாய். “அப்போ இங்கன கெடக்க நூத்தியிருவதையும் எவம் பாப்பான்?”)

வேறு வழியில்லாமல் இன்று காலை, இதுவரை எழுதியதை அப்பாவிடமே கொடுத்தேன். ஆட்டுத்தொழுவத்து மதிலில் சாய்ந்து, குல்லாவோடு, ஒரு மணி நேரம் படித்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கினார். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னார்:

“ஆடு நாப்பத்தொண்ணுலே. பெறவு, தொடக்கத்துல ஒரு சொல்லு தப்பா எழுதிருக்க. மத்தபடி சரிதான்.”

முதல் வாக்கியத்தில் ‘கூட்டிவர’ அடிக்கப்பட்டிருந்தது. மேலே, கோணல் எழுத்தில், ‘பாத்துட்டு வர’.

சார், முடிவுரை எழுத எனக்கு நேரமில்லை. அங்கே இப்போது காலை ஏழு மணி. அக்கா வேலைக்குக் கிளம்புமுன் பூத்துக்குப் போய் போன் போடவேண்டும். முதல் வாக்கியத்தை அச்சில் திருத்தவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாசகரிடம் ஒரு பேனா இருக்கும்.