ஆக்மிதி ரோவர்ஸின் மேலாளர்

அலாரம் அடிக்குமுன்பே ஸ்ட்ரூவன் எழுந்துவிடுவான். பல் துலக்கி முகம் மழித்துக்கொள்வான். ஓட்ஸ் கஞ்சியில் உப்புப் போட்டு நின்றபடியே சாப்பிடுவான், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்ப்பான். பிறகு சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, மனைவியின் பெயரில் உள்ளே போவான்.

எய்ல்சாவின் அணி ஆக்மிதி ரோவர்ஸ். யாருக்குக் காயம், யார் பயிற்சியில் சுணங்குகிறான் என்று பார்ப்பான். ஆட்டம் இருக்கும் நாளென்றால் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பான். வெளியே வராமல் அப்படியே திறந்து வைத்துவிட்டு, கைபேசியில் தன் பெயரில் போவான். அவனுடைய அணி லெதம் திசில். அங்கே மேலாளர்கள் பட்டியலில் எய்ல்சா ரென்னி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருக்கும். ஆள் இப்போது இருக்கிறாள் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு டண்டி ரயிலுக்கு நடப்பான்.

அவள் இறந்தது பிப்ரவரியில். இப்போது மே.

அது வெறும் கணினி ஆட்டம்தான். ஸ்காட்லாந்து முழுக்கச் சிதறிக் கிடந்த ஆட்கள் ஆளுக்கொரு கால்பந்து அணியை வைத்துக்கொண்டு, இல்லாத வீரர்களை வாங்கி, விற்று, திட்டி, தட்டிக்கொடுத்து, சனிக்கிழமை மாலை இயந்திரம் ஆடிக்காட்டும் ஆட்டத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், நர்ஸுகள், வேலையில்லாதவர்கள். நடத்துகிறவர் கம்னாக்கில் இருந்த வாட்டி கெடிஸ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் போட்ட சட்டங்களில் இரண்டுதான் யாருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு வாரம் தலைகாட்டாத மேலாளரின் அணி கலைக்கப்படும், வீரர்களை மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம். இன்னொன்று, ஒரு ஆளுக்கு ஒரு அணிதான். இரண்டு வைத்திருந்தால் இரண்டும் போகும்.

கணவனும் மனைவியும் ஒரே வீட்டிலிருந்து ஆடுவதை முதலில் சிலர் சந்தேகப்பட்டார்கள். பெர்த்தில் ஒரு பப்பில் எல்லோரும் கூடியபோது, எய்ல்சாவும் ஸ்ட்ரூவனும் ஒரு ஆஃப்சைடுக்காகச் சண்டை போட்டதை வாட்டி பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "இதுங்க ரெண்டும் ரெண்டு ஆளுதான்யா. எவனும் தன்னத்தானே இவ்வளவு கேவலமாத் திட்டிக்க மாட்டான்."

இறந்த செய்தியை ஸ்ட்ரூவன் அங்கே சொல்லவில்லை. முதலில் சொல்ல வாய் வரவில்லை. அடக்கமெல்லாம் முடிந்து ஒருநாள் தன் அணியைப் பார்க்கப் போனபோது, ஆக்மிதியின் பெயர் சிவப்பில் இருந்தது. நாளைக்குள் ஆள் வராவிட்டால் கலைப்பு. அவள் துணிகளைத் தங்கை எடுத்துக்கொண்டு போயிருந்தாள், கைபேசி எண்ணைக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான். பதினேழு வயதுப் பையனாக அவள் பொறுக்கி எடுத்து வளர்த்த கோல்கீப்பர் மட்டும் அந்தத் திரையில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தான். அவளுடையதில் நகர்ந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். ஸ்ட்ரூவன் அவள் பெயரைத் தட்டினான். பச்சைப் புள்ளி எரிந்தது. அதற்குப் பிறகு யாரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று.

ஆட்டப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை ஆக்மிதிக்கும் லெதமுக்கும் ஆட்டம். புருஷன் பெண்டாட்டி ஆட்டம் என்று அதற்கு ஊரே காத்திருக்கும். எதிராளியைக் கிண்டலடித்து ஆட்டத்துக்கு முன்னால் ஒரு அறிக்கை விடுவது அங்கே வழக்கம், அதில் எய்ல்சாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. போன வருஷம் அவள் எழுதியது: "லெதம் மேலாளர் துணி காயப்போடுற லட்சணத்தைப் பாத்தவ நான். தடுப்பாட்டத்தையும் அப்படித்தான் போடுவாரு. ரெண்டு பக்கமும் தொங்கும், நடுவுல ஈரம்."

வியாழக்கிழமை மதர்வெல்லிலிருந்து செங்கா பொலாக் ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், எய்ல்சாவின் பரம எதிரி.

"ஆக்மிதி மகாராணி எங்கப்பா? மூணு மாசமா சத்தத்தையே காணோம். டேய் ஸ்ட்ரூவன், பொண்டாட்டி வாயில சாக்ஸத் திணிச்சு வச்சிருக்கியா?"

"அவ பிஸி" என்று தன் பெயரில் எழுதினான்.

"பிஸியா இருந்தாலும் பாத்ரூம்ல உக்காந்து நாலு வரி எழுதுவாளே. உன்னத் திட்டாம அவளுக்கு எப்படிடா செரிக்குது?"

வெள்ளிக்கிழமை மாலை முழுக்க ஸ்ட்ரூவன் மேசையில் உட்கார்ந்து அவள் பெயரில் எழுதிப் பார்த்தான். தன் மூக்கைப் பற்றி எழுதினான், அழித்தான். தன் சமையலைப் பற்றி எழுதினான், அதுவும் சவசவவென்று இருந்தது. ஏழு வருஷம் தினமும் காதில் விழுந்த நாக்கு, கூப்பிட்டால் ஒரு சொல்லாவது வரும் என்று நினைத்தான். வரவில்லை. கடைசியில், "இரண்டு அணிகளும் நன்றாக ஆடட்டும். லெதமுக்கு வாழ்த்துகள்" என்று போட்டுவிட்டு எழுந்தான்.

செங்காவின் பதில் உடனே வந்தது: "யாருடீ நீ?"

மறுநாள் ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே வியூகம். அவள் எப்படி ஆடவைப்பாள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் தனக்குத் தெரிந்ததையே அங்கேயும் போட்டிருந்தான். எந்த நிமிஷத்தில் ஆளை மாற்றுவது என்பதை முன்பே குறித்துக் கொடுத்துவிட வேண்டும். அவன் எப்போதும் அறுபத்து மூன்றாவது நிமிஷத்தில்தான் ஆளை மாற்றுவான். அது அவனுடைய மூடநம்பிக்கை. எய்ல்சா இடைவேளையிலேயே மூன்று பேரையும் மாற்றிவிடுகிறவள். இன்றைக்கு அறுபத்து மூன்றில் லெதம் இரண்டு ஆளை மாற்றியது. அடுத்த வரியிலேயே ஆக்மிதியும் இரண்டு ஆளை மாற்றியது. ஈயடிச்சான் காப்பி. ஸ்ட்ரூவன் அதைப் படிக்கும்போதுதான் பார்த்தான். செங்காவும் பார்த்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் வாட்டி ஃபோன் செய்தார். வெளியே துறைமுகத்திலிருந்து கடல்மூட்டம் ஏறி எதிர்வீட்டைக்கூட மறைத்திருந்தது.

"தம்பி, செங்கா ஊரக் கூட்டுறா. ரெண்டு டீமையும் நீதான் ஓட்டுறியாம். நான் நம்பல. எய்ல்சாகிட்ட ஃபோனக் குடு. என்னக் கெட்ட வார்த்தையில ரெண்டு திட்டுனாப் போதும், செங்கா வாய அடச்சுடறேன்."

"அவ இல்ல."

"எப்ப வருவா?"

"வர மாட்டா. செத்துட்டா வாட்டி. பிப்ரவரில. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு."

அந்தப் பக்கம் டிவியை யாரோ அணைத்தார்கள்.

"பிப்ரவரிலயா?"

"ஆமா."

"அப்ப அதுக்கப்புறம் டீம ஓட்டுனது?"

"நான்தான்."

"ஏப்ரல்ல என் டீம ஒண்ணுக்குச் சைபர்ல தோக்கடிச்சது?"

"நான்தான்."

"அதானே பாத்தேன்" என்றார் வாட்டி. "அவளா இருந்தா நாலு போட்டிருப்பா."

வாட்டி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"முப்பது வயசு இருக்குமாடா அவளுக்கு?"

"முப்பத்தொண்ணு."

"கடவுளே." மறுபடி மூக்கைச் சிந்தினார். "சரி, இங்க பாரு. சட்டம்னா சட்டம்தான். ஒரு உறையில ரெண்டு கத்திய வைக்க விட்டேன்னா நாளைக்கு எல்லாப் பயலும் வருவான். சாயங்காலத்துக்குள்ள நான் முடிவு சொல்லியாகணும். ஆனா செத்துப்போன புள்ளையோட ஆசைன்னா அது வேற. அதுக்கு எதிரா எவனும் கை தூக்க மாட்டான், செங்காவே அழுதுருவா. டீம் அவ பேர்லயே இருக்கட்டும், நீ பாத்துக்கோ. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்த. டீமப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனாளா? நீ ஆமான்னு சொல்லு, மத்தத நான் எழுதிக்கறேன்."

மேசையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. கோல்கீப்பர் நாளைக் காலைப் பயிற்சிக்குக் காத்திருந்தான்.

ஆமாம் என்பது ஒரு வார்த்தை. இதைவிடப் பெரிய பொய்களை ஸ்ட்ரூவன் சொல்லியிருந்தான். உன்னைத்தான் கேட்டாள் என்று அவள் அம்மாவிடம் சொன்னான். அமைதியாகப் போனாள் என்று பாதிரியாரிடம் சொன்னான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குழாய்களோடு கிடந்தவள் யாரையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை. அந்தப் பொய்களுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. இதற்கும் கேட்கப்போவதில்லை.

"ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தான். வெள்ளிக்கிழமை அவள் பெயரில் எழுதிய வரி ஞாபகம் வந்தது. இரண்டு அணிகளும் நன்றாக ஆடட்டும். யாருடீ நீ என்று செங்கா கேட்டது சரியான கேள்விதான்.

"தம்பி, இருக்கியா? ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன சொன்னா? அப்படியே சொல்லு. நான் எதையும் மாத்தாமப் போட்டுடறேன்."

அதை ஸ்ட்ரூவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. அவன் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து மறுபடி போர்வைக்குள் நுழைந்தான். எய்ல்சா தலையணையில் சாய்ந்து கைபேசியில் ஆக்மிதியின் பட்டியலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் பேசினாள். பிறகு அவன் குளிக்கப் போனான். திரும்பி வந்து கூப்பிட்டபோது அவளிடமிருந்து பதில் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாட்டியிடம் சொன்னான்:

"எனக்கு இது அலுத்துப்போச்சுடா. நாளைக்கு வாட்டிக்கு எழுதிடறேன், வேற யாராவது எடுத்துக்கட்டும். உன் காலு ஐஸ் மாதிரி இருக்கு, தள்ளி வை."