விளையாட்டு என்று சொன்னார்கள்

பெரியாயியின் தங்கச்சி ராக்குவின் இடுப்பெலும்பு முறிந்த அந்த வாரமே தேயிலைத் தோட்டத்து ஆபீசில் விசாரணை வைத்தார்கள்.

நடந்ததைக் கொழுந்து பறித்த அத்தனை பெண்களும் பார்த்திருந்தார்கள். உதவி மேனேஜரான சின்னதுரை, கிளப்பில் குடித்த கூட்டாளிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, ஹார்னை அலறவிட்டபடி, கூடையோடு ரோட்டோரம் நடந்தவர்களை நோக்கி நேராக ஓட்டினான். கிட்டே வந்ததும் ஒடித்துத் திருப்பினான். ராக்கு மிரண்டு குதித்துப் பள்ளத்தில் விழுந்தாள். ஜீப்புக்குள் கைதட்டிச் சிரித்த சத்தம் பெரியாயியின் காதில் இன்னும் இருந்தது.

விசாரணையில் அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜரான பெரியதுரை சின்னதுரையைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்தார். அதையே மறுபடியும் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தொர என்னங்க சொல்றாரு?"

"சும்மா வெளயாட்டுன்னு சொல்றாரு. விசாரணை முடிஞ்சிருச்சு. நீ கொழுந்தெடுக்க மலைக்குப் போ" என்றார் பெரிய கிளாக்கர்.

ஷெனானிகன்ஸ். அந்தச் சொல்லைப் பெரியாயி விடவில்லை. மறுநாள் ராக்குவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவள், தெமோதரையில் ரயிலேறியதிலிருந்து மறந்துவிடாமலிருக்க அதையே முணுமுணுத்தாள். பதுளை பஜாரில் புஹாரி நானாவின் புத்தகக் கடைக்குள் நுழைந்து, "இந்தச் சொல்லுக்கு அர்த்தம் பாத்துச் சொல்லுங்க நானா" என்றாள்.

அவர் தடித்த அகராதியை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார்.

"குறும்பு, சேட்டையிண்டு ஈக்கிது தங்கச்சி."

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஈக்கி. தில்லுமுல்லு, ஏமாத்து வேலையிண்டும் போட்டீக்கு."

"அத கிளாக்கரையா சொல்லலியே! எங்கேருந்து வந்த சொல்லு இது?"

"அது ஒருத்தருக்கும் சரியாத் தெரியாதாம். அயர்லாந்துப் பேச்சுல நரிக்குச் செல்ற சொல்லுலேருந்து வந்திருக்கலாமிண்டு சிலர் செல்றாங்களாம்."

பெரியாயிக்கு முகம் கொதித்தது. "எங்க அப்பா வீரய்யா இந்த மண்ணுலதான் பொறந்தாரு. எங்க பொறந்த, அத்தாட்சி எங்கன்னு கேட்டு அவரு பிரஜாவுரிமை மனுவத் தள்ளிட்டாங்க. ஊரு பேரு தெரியாத சொல்லு மட்டும் ஆபீசுல உக்காந்து ஞாயம் பேசுதா?"

புஹாரி நானா அகராதியை மூடினார்.

ஆஸ்பத்திரியில் ராக்கு புரளக்கூட முடியாமல் கிடந்தாள். "என்னமோ வெளயாட்டுன்னு முடிச்சிட்டாங்களாமே அக்கா?" என்றாள்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "சின்னதொர வரட்டும். என்ன செஞ்சேன்னு நமக்கு வெளங்குற பேச்சுல சொல்லட்டும். அதுவரைக்கும் ஒருத்தியும் மலையேறாதீங்க!"

பக்கத்தில் நின்ற கருப்பம்மா தன் கூடையைக் கவிழ்த்தாள். பிறகு மற்றவர்களும். கங்காணி கத்தினார், கெஞ்சினார். மழைக்குப் பின் கொழுந்து திமிறிக் கிடந்த நேரம். ஒரு நாள் விட்டால் முற்றிவிடும். உச்சிவெயிலில் பெரியதுரையே சின்னதுரையை அனுப்பிவைத்தார்.

அவன் இங்கிலீசில் தொடங்கினான். 

"தமிழ்ல!" என்றாள் பெரியாயி.

அவன் கழுத்துச் சிவந்தது. "நான்தான் ஓட்டினது. பொம்பளைங்கள பயங்காட்டத்தான் ஓட்டினது."

"அது வெளயாட்டா?"

"இல்ல" என்றான்.

"இதே வார்த்தைய ஆஸ்பத்திரிக்குப் போயி ராக்குகிட்டச் சொல்லு."

அவன் போகவில்லை. அடுத்த மாதமே அவனை ஹல்துமுல்லைப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் அவன் சின்னதுரைதான். ராக்கு கம்பை ஊன்றிக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். மலையேற முடியாதவளுக்கு தேயிலை அரைக்கும் ஸ்டோரில் உட்கார்ந்து குச்சி பொறுக்கும் வேலை கிடைத்தது. அதையும் பெரியாயி ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போட்டுத்தான் வாங்கினாள். அன்றைக்குப் பெரிய கிளாக்கர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.