ஸ்டாண்ட்பை பார்ட்டி

அந்தமானில், போர்ட் பிளேர் அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாக் கச்சேரிக்கு எப்போதும் இரண்டு பாட்டுப் பார்ட்டிகளுக்குச் சொல்லி வைப்பார்கள். ஒன்று மெயின்லேண்டிலிருந்து வருகிற பார்ட்டி. அது வந்து சேராவிட்டால் பாடுவதற்கு இன்னொன்று. நாற்பது வருஷமாக அந்த இன்னொன்று பரமசிவத்தின் குடும்பம்தான்.

பரமசிவம் அக்கார்டியன் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் பாடகர்கள் கப்பலில் வந்தார்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் பிந்தினால் அவருக்கு மேடை கிடைக்கும். அதனால் திருவிழாக் காலையில் மரைன் ஹில் வீட்டு வாசலில் கற்பூரம் ஏற்றி, "காத்தடிக்கட்டும் தாயே" என்று கும்பிடுவது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. பாடகர்கள் விமானத்தில் வர ஆரம்பித்ததும் வேண்டுதலும் மழைக்கு மாறிக்கொண்டது. ரொம்ப யோக்கியமான வேண்டுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் யாருக்கும் கெடுதல் வரவேண்டும் என்று அவர்கள் கேட்டதில்லை, வருகிறவர்கள் பாதி வழியில் திரும்பிப் போனால் போதும்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பானுமதி இருபத்தாறு வருஷமாகப் பாடுகிறாள். தமிழ், ஹிந்தி, வங்காளம், தெலுங்கு என்று கூட்டம் எதைக் கேட்டாலும் பாடுவாள். இந்தக் கோயிலில் அவளுக்கு மேடை கிடைத்தது மூன்றே தடவை. மற்ற வருஷங்களில் பட்டுப்புடவை கட்டி, மைக் சோதித்து, மேடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறாள். அவளுடைய மைக்கும் ஸ்பீக்கரும் மட்டும் மேடையில் இருக்கும், வந்தவர்கள் பாடுவதற்கு. உள்ளூர் மாடு விலைபோகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த வருஷமும் கமிட்டிச் செயலாளர் சொக்கலிங்கம் போன் செய்தார்.

"தங்கச்சி, ஸ்டாண்ட்பை நீங்கதான். மெயின்லேண்டு பார்ட்டி யாருன்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன? ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தது. 'சென்னைப் புகழ் ஸ்வேதா.' பானுமதியின் மகள். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அதே மேடைக்குப் பின்னால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தவள். சென்னைக்குப் போய் ஒரு குழுவில் சேர்ந்தாள், போஸ்டரில் ஏறிவிட்டாள்.

"அவ இங்க இருந்தப்ப ஒரு பாட்டுக்குக்கூட நீங்க மேடை ஏத்தலையே, அண்ணே."

"அரே, அப்ப அவ நம்ம ஊர்ப் பொண்ணுதானே தங்கச்சி," என்றார் சொக்கலிங்கம், மிகவும் நியாயமான குரலில்.

முடியாது என்று வாய்வரை வந்தது. ஆனால் ரிதம் பேடு வாசிக்கிற கணவன் விஜயராஜ் குறுக்கே விழுந்தான். "நம்ம பொண்ணு பாடுறதுக்கு நம்ம ஸ்பீக்கர் இருந்துட்டுப் போகட்டுமே பானு." அவனிடம் கோபப்படுவது நமுத்த தீப்பெட்டியை உரசுகிற மாதிரி.

திருவிழாக் காலையில் பரமசிவம் கற்பூரத்தை எடுக்கவில்லை. "இந்த வருஷம் வேணாம்மா. புள்ள வருது," என்றார்.

"சரி மாமா."

அவர் குளிக்கப் போனதும் பானுமதி வாசலுக்கு வந்து கற்பூரத்தை ஏற்றினாள். பழக்க தோஷம் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பழக்கம் இல்லை. அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. இன்னும் எத்தனை ஆடி குரல் நிற்கும்? மகள் பாட, தான் பின்னால் உட்கார்ந்து ஒயர் பிடிப்பதை நினைத்தபோது வயிறு எரிந்தது. 'மழை குடு தாயே' என்று கேட்டாள்.

பத்து மணிக்கு மேகம் கவிந்து மழை கொட்டியது. பதினொன்றரைக்கு விமானச் சத்தம் கேட்டதும் மூவரும் வெளியே ஓடிவந்தார்கள். விமானம் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் தலைக்கு மேலே சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. விஜயராஜ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'நான் கேட்டது எதுவும் வேண்டாம், பத்திரமா இறக்கிவிடு' என்று பானுமதியின் உதடு முணுமுணுத்தது. சத்தம் மெல்லத் தேய்ந்து தூரத்தில் போயிற்று.

சென்னையில் இறங்கி ஸ்வேதா போன் செய்யும்வரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

"திருப்பிக் கொண்டாந்துட்டாங்கம்மா. இனிமே நாளைக்குத்தான் ஃபிளைட்டாம்." அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "மேகத்துக்கு நடுவுல ஒரு நிமிஷம் துறைமுகம் தெரிஞ்சிச்சு. நம்ம ஊரு மேடைம்மா. எத்தன வருஷமாக் காத்திருந்தேன்."

"அழாதடி. உசிரோட இறங்கினியே, அது போதும்."

பிறகு ஸ்வேதா கேட்டாள். "அம்மா, கற்பூரம் ஏத்துனியா?"

அந்த வீட்டில் பிறந்தவளாயிற்றே. பானுமதியால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஏத்தினேன்."

"நான் அந்த ஃபிளைட்டுல இருக்கேன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"நல்லாப் பாடும்மா," என்று சொல்லிவிட்டு ஸ்வேதா போனை வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் மழை விட்டது. சொக்கலிங்கம் மைக்கைப் பிடித்தார். "வானிலை காரணமா சென்னைப் புகழ் ஸ்வேதா வர முடியல. கவலைப்படாதீங்க, அவங்களப் பெத்த அம்மாவே நமக்காகப் பாட வந்திருக்காங்க." இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு விழாத கைதட்டல் விழுந்தது. பானுமதி என்ற பேரை அவர் சொல்லவே இல்லை.

அவள் பாடினாள். ஆத்திரமும் குற்றவுணர்வும் தொண்டையை அடைக்கும் என்று பயந்திருந்தாள். தொண்டை திறந்துகொண்டது. பரமசிவம் அக்கார்டியனை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வங்காளிப் பெண்கள் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்கள். அவள் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு நன்றாகப் பாட இதுதானா நாள் என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

முடிந்ததும் சொக்கலிங்கம் சால்வையோடு ஓடி வந்தார். "பஹுத் படியா தங்கச்சி, கலக்கிட்டீங்க. அடுத்த வருஷமும் ஸ்டாண்ட்பை உங்களுக்குத்தான். வேற யாரையும் கேக்கவே மாட்டேன்."

பானுமதி சால்வையை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வேற யாரையாவது பாத்துக்கோங்கண்ணே. ஆனா யாரை வெச்சாலும், ஃபிளைட்டுல வர்ற பிள்ளையோட அம்மாவா மட்டும் இல்லாமப் பாத்துக்கோங்க."