பூனை மட்டும் போதும்

பிரிண்டிங் கடை உமேஷ் கோப்பையின் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பியபோது மோலி கண் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோப்பையில் எட்டு வயது மகள் ஆஷ்லி வரைந்த பூனைப் படம். பூனைக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் தூண் மாதிரி இரண்டு நிற்கின்றன, படம் கோப்பையின் வளைவில் சரியாக உட்காராது, அவற்றை எடுத்துவிடட்டுமா என்று உமேஷ் கன்னடத்தில் கேட்டிருந்தான். மோலி பெரிதாக்கிப் பார்க்கவில்லை. மேஜைக் கால் என்று நினைத்தாள். பூனை மட்டும் போதும் என்று பதில் எழுதிவிட்டு, அடுத்து நின்றவரின் சீட்டை வாங்கினாள்.

அவளுக்கு எல்லாமே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னாள், நீட்டியதை வாங்கினாள். ஓசூருக்கு வேலைக்குப் போன கணவன் பெர்னார்ட், இனித் திரும்பி வரப்போவதில்லை என்று போனில் சொன்ன அன்றும் அரிசியைக் களைந்து குக்கரில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். விசில் வந்தது. எழுந்து அடுப்பை அணைத்தாள்.

கோப்பைகள் பெர்னார்டின் தங்கை கேரல் வீட்டுக்கு. அண்ணன் போன பிறகும் கேரல் விட்டுப் போகவில்லை. பள்ளி விட்டதும் ஆஷ்லியை அவள்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டு, மோலியின் ஷிஃப்ட் முடிகிறவரை வைத்துக்கொள்வாள். அந்த வீடும் கைவிட்டால் மோலி வேலையை விட வேண்டியதுதான். அதற்கு நன்றி என்று வாயால் சொல்ல அவளுக்கு வரவில்லை. ஆகவே கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு கோப்பை, ரொட்டியின் படத்தோடு. பூனையின் பெயர்தான் ரொட்டி. சுட்ட ரொட்டியின் நிறம் அதற்கு.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து, பன்னிமண்டபம் பகுதியில் இருந்த கேரல் வீட்டில் சாப்பாடு. கேரல் பெட்டியைப் பிரித்து ஒரு கோப்பையை எடுத்தாள். அழகாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அதைத் திருப்பினாள். மறுபக்கமும் பார்த்தாள். இன்னொன்றை எடுத்து அதையும் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, எங்கண்ணன் காலையும் வெட்டியாச்சா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். குல்குல் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் அதைக் கீழே வைத்துவிட்டு, எதையோ எடுப்பவனைப் போல் உள்ளே போனான்.

மோலிக்குப் புரியவில்லை. கேரல்தான் சொன்னாள். ஆஷ்லி அந்தப் படத்தை இதே மேஜையில் உட்கார்ந்துதான் வரைந்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பார், ரொட்டி அவர் காலில் சாய்ந்து தூங்கும், நான் தரையில் படுத்திருப்பேன், அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் கால் மட்டும்தான் தெரியும் என்று அத்தையிடம் விளக்கமும் சொன்னாள். கேரல் அதைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பியும் வைத்தாள்.

"அதெல்லாம் பிடு அத்தே," என்றாள் ஆஷ்லி, விட்டுவிடச் சொல்லி, பாதிக் கன்னடத்தில். தமிழில் சண்டை வரும்போதெல்லாம் அவள் கன்னடத்துக்குப் போய்விடுவாள்.

கடைக்காரன் வெட்டிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். வெட்டியவன் அவன்தான். கேரல் அவனை நாலு வார்த்தை திட்டியிருப்பாள், சாப்பாடு நடந்திருக்கும். மோலிக்கு அதுவும் தோன்றியது. ஆனால் அதை எடுத்துச் சொல்லி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதிலும் சொல்லி முடிக்க அவளிடம் தெம்பில்லை.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். மேஜைக் கால்னு நெனச்சேன்."

"சும்மா சொல்லாதீங்க அண்ணி. கோவத்துல வெட்டினேன்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அவன் பண்ணதுக்கு நானா இருந்தா கழுத்தையே வெட்டியிருப்பேன்."

"கோவம் இல்ல கேரல். தெரியல."

"அண்ணனுக்கு பைக் ஸ்டாண்டுல நசுங்கிக் கால் நகம் கருத்துப்போச்சே, அப்பக் கட்டுப் போட்டது நீங்கதானே? அந்தக் கருப்பு நகத்தைக்கூடப் புள்ள போட்டிருக்கா."

ஆமாம் என்றாள் மோலி. கட்டுப் போட்டது ஞாபகம் இருந்தது. பஞ்சு, கத்தரிக்கோல், களிம்பின் வாசனை, குனிந்து குனிந்து தன் இடுப்பு வலித்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. கால் மட்டும் இல்லை.

கேரல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். ஒவ்வொரு பண்டிகைக்கும் கேரல் ஒன்றைச் சொல்வது வழக்கம்: உங்கள் கோபம் ஆறட்டும் அண்ணி, நான் போய் அவனைக் காதைப் பிடித்து இழுத்து வருகிறேன். கேக் வெட்டும்போது சொல்வாள், இல்லையென்றால் வழியனுப்பும்போது சொல்வாள். அன்று அவள் அதைச் சொல்லவில்லை. பிரியாணிச் சட்டியைத் திறந்து, எலும்பில்லாத துண்டாகப் பார்த்து எடுத்து, காய்ச்சல்காரிக்கு வைப்பது போல மோலியின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. ஸ்கூல் தொறந்ததும் ஆஷ்லி எப்பவும் போல இங்கதான் வருவா. அதுல ஒண்ணும் மாத்தமில்ல."

மோலி தலையாட்டினாள். பயந்தது நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டில் இருந்ததைப் பிசைந்தாள்.

ஆஷ்லி அதற்குள், அத்தை டப்பாக்களுக்குப் பெயர் எழுதும் மார்க்கரைத் தேடி எடுத்து வந்திருந்தாள். கோப்பைகளை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் பூனை ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கியது, சாய எதுவும் இல்லாமல். முதல் கோப்பையில் பூனையின் முதுகை ஒட்டி இரண்டு கோடுகள் இழுத்தாள், பிறகு இன்னும் இரண்டு. பாதம் போட்டாள். விரல்கள் போட்டாள். பெருவிரலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அம்மா, கருப்பு நகம் எந்தக் கால்ல?"

 சட்டியில் கரண்டியை வைத்தபடி கேரலும் மோலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மோலி மேஜைக்கு அடியில் தன்னுடைய இரண்டு பாதங்களையும் பார்த்தாள். பிறகு இடது கையால் பையிலிருந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"கடைக்கு அனுப்பின போட்டோவுல பாத்துக்கோ."