மூடாத கிணறுகள்: ஏதுமில்லை

பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று மத்தியானம் சசிதரன் கணினித் திரையில் வந்த பூஜ்யத்தைப் பார்த்துக் கை தட்டினான்.

"மூடாத கெணறு ஒண்ணுகூட இல்ல உமா. செட்டில் லா! தவுக்கேகிட்ட சொல்லிட்டேன், மெஷின எறக்கச் சொல்லி."

மலேசியாவில், சுங்கை லாலாங்கில் நாங்கள் பிறந்த தோட்டத்தை அழித்துத் தவுக்கே, அதாவது நிலத்தை வாங்கிய முதலாளி, வீடுகள் கட்டப்போகிறார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகள் எப்போதோ போய்விட்டன. கிணறுகள் மட்டும் புதருக்கடியில் கிடக்கின்றன. எது மூடியது, எது மூடாதது என்று கண்டு சொல்வது சுங்கை பட்டாணியில் இருக்கும் எங்கள் சிறிய நிறுவனத்தின் வேலை. பழைய வரைபடம், நில அளவை, அங்கே வாழ்ந்தவர்களின் பேச்சு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து ஒரு சொற்பொருள் வலைத் தரவுத்தளத்தில் போட்டிருந்தோம். வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தவள் நான். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை எழுதியவன் சசிதரன். மண்வாரி இயந்திரத்தை ஓட்டுகிறவன் என் தம்பி ஜீவன்.

பூஜ்யம் வர வழியே இல்லை. ஒரு கிணற்றைப் பற்றி என்னிடம் யாருமே வாய் திறக்கவில்லை. அதில் சிகப்பி என்ற பெண் விழுந்து செத்தாள். எங்கள் தோட்டத்தில் ஆள் விழுந்த கிணற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேசினால் அது இன்னொருவரைக் கூப்பிடும் என்று பயம். மூடியாயிற்றா என்று கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், எங்கே என்று கேட்டாலும் அப்படித்தான். ஆகவே அதன் நிலையையும் இடத்தையும் காலியாக விட்டு, சசிதரனிடமும் சொல்லியிருந்தேன். பெரிய மனுஷன் தலையாட்டினான்.

அவன் எழுதிய கேள்வியைத் திறந்து பார்த்தேன். 'நிலை, மூடியது என்று இல்லாத கிணறுகளைக் காட்டு.' படித்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேள்வியில் 'நிலை' என்பது ஒரு மாறி. தரவில் இருப்பதை எடுத்து அதில் வைத்துத்தான் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். வைக்க ஏதுமில்லை என்றால் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அந்தக் கிணற்றையே சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒரு எச்சரிக்கைகூட வராது.

"காலியா இருக்கறத என்ன பண்ணின?"

"காலின்னா ஒண்ணுமில்லதானே?"

அவனை அறையலாம் போலிருந்தது. நிலை காலியாக இருக்கும் கிணற்றையும் கொடு என்று கேள்வியை மாற்றி ஓட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. நிலை, காலி. இடம், காலி. இடம் இல்லாத கிணறு அந்த நிலத்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சசிதரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

ஜீவனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஜெராய் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை எடுத்தான்.

"என்னாக்கா? மழைக்கு முன்ன முடிக்கணும், தவுக்கே கத்துறாரு."

"மெஷின நிறுத்து. அங்க ஒரு கெணறு இருக்கு. அசையாத."

இயந்திரச் சத்தம் அடங்கியது.

"எங்கக்கா? நா எந்தப் பக்கம் எறங்கட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி எங்கள் கட்டடத்தின் கீழேயே அப்பம் சுட்டு விற்கிறாள். ராக்காயி அத்தை, சிகப்பியின் தங்கச்சி. நான் முதலில் கேட்டது அவளிடம்தான். அன்று கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனவள், அப்புறம் என் முகத்தையே பார்க்கவில்லை. போனை அணைக்காமல் படியிறங்கி ஓடினேன்.

"அத்த, அந்தக் கெணறு எங்க இருக்கு? ஜீவன் அங்க நிக்கிறான்."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம்மா. அதப் பேசக்கூடாது."

"நம்ம ஜீவன் அத்த! நீங்க தூக்கி வளத்த பய!"

போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அக்கா, லைன்ல இருக்கியா?" என்று அவன் கேட்டான். அந்தக் குரல்தான் அவளை உடைத்தது. தலைப்பை எடுத்தாள்.

"மூடல. பலக போட்டு மேல மண்ணத் தள்ளுனோம், அவ்ளோதான். யாரும் மிதிக்கக்கூடாதுன்னு ஓரத்துல ஒரு எலுமிச்ச வச்சோம். ஒத்த எலுமிச்ச மரம், தம்பி. அது கிட்டக்க போவாத."



"அத்த," என்றான் மெதுவாக, "அத இப்பத்தான் பேத்துப் போட்டேன். மெஷின் அந்த எடத்துலதான் நிக்குது."

"குதிடா!" என்று கத்தினேன்.

பலகை முறியும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு மண் சரிந்தது. சரிந்துகொண்டே இருந்தது. ஜீவன், ஜீவன் என்று கூப்பிட்டேன். குதித்தானா, உள்ளே போனானா, ஒன்றும் தெரியவில்லை. இணைப்பு மட்டும் அறுபடாமல் இருந்தது.

சட்டியில் அப்பம் தீய்ந்தது. ராக்காயி அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். இத்தனை காலம் அவள் வாயில் வராத பெயர் வந்தது.

"சிகப்பிக்கா," என்றாள், "அவன விட்டுடுக்கா. நம்ம புள்ளக்கா."