படலை இல்லாத மதில்

கோயில் ஆடித் திருவிழாவுக்கு வருகிற பிரசங்கியார் பத்து நாளும் தங்குவது குலசிங்கத்தாரின் வீட்டில்தான். நாரந்தனையில் அவருடைய தகப்பன் காலத்திலிருந்து வருகிற மரியாதை அது. அதை இழந்த வீடு பிறகு எத்தனை மாடி கட்டினாலும் வெறும் சுவர்தான் என்பது அவருடைய எண்ணம்.

இந்த வருடம் அந்த மரியாதைக்குக் கிழக்குப் பக்கத்து வளவில் ஆபத்து எழுந்து நின்றது. சித்தப்பா மகன் பரராசசிங்கம் புது வீடு கட்டியிருந்தான். வெப்பப் பொறியியல் படித்த அவன் மகள் நிலாந்தினி போட்ட வரைபடம். ஓட்டுக்குக் கீழே இன்னொரு கூரை, உச்சியில் கறுப்புத் தகரப் புகைபோக்கி. வெயில் அதைச் சுட, வீட்டுச் சூடு அதனூடாக மேலேறிப் போகும்; வடக்கே கிணற்றடி நிழலிலிருந்து குளிர்ந்த காற்று நிலத்தோடு ஒட்டிய துவாரங்களால் உள்ளே வரும். ஏசி இல்லை, விசிறிகூட இல்லை. பார்க்கப் போனவர்கள் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்தார்கள்.

குலசிங்கத்தாருக்கு வயிறு எரிந்தது. "அடுப்பில்லாமல் புகைபோக்கி வச்ச ஆளை இப்பதான் பாக்கிறன்," என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தென்மேற்குச் சோளகக் காற்று கடலிலிருந்து முதலில் அவருடைய வீட்டுக்குள் நுழைந்து, கிழக்கு யன்னல்களால் வெளியேறித்தான் அந்த வளவுக்குப் போகிறது. என் காற்றில் அவன் சுகம் காண்பதா? எல்லை வேலியைப் பிடுங்கி, கூரை உயரத்துக்கு மதில் எழுப்பினார்.

"இஞ்சாருங்கோ, ஒரு படலையாவது விடுங்கோவன். நல்லது கெட்டதுக்குப் போய் வர வேண்டாமே?" என்றாள் மனைவி கோசலா.

"நீர் சும்மா இரும். தேவையெண்டா அவை றோட்டால வரட்டும்."

மதில் முடிந்த கிழமையே வீடு வெந்தது. கிழக்கு யன்னல்களை உரசிக்கொண்டு மதில் நின்றதால் காற்றுக்குப் போக வழியில்லை. ஆகவே அது வரவும் இல்லை. கொங்கிறீற் கூரை பகலில் குடித்த வெயிலை இரவில் கக்கியது. ஏசி இரண்டும் மூச்சுவிடாமல் ஓடின. மதிலுக்கு அப்பால் அந்தப் புகைபோக்கி தன் பாட்டில் வேலை செய்தது. அதற்கு அவருடைய காற்று ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

பிரசங்கியார் வந்த மத்தியானம் கரண்ட் போனது. நெற்றியில் விபூதி கரைந்து வழிய, அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஐயா, குறை நினைக்கப்படாது. இந்த வெக்கையில கிடந்தா பின்னேரம் பேச ஏலாது. பக்கத்து வீடு நல்ல குளிர்ச்சியெண்டு கோயிலில சொல்லிச்சினம்…"

குலசிங்கத்தார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அது பக்கத்து வீடில்லை ஐயா, எங்கட சித்தப்பா வீடு. ரெண்டும் ஒண்டுதான். வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்."

பெட்டியையும் தானே தூக்கினார். மதிலில் வழியில்லாததால் கோயில் வாசலைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஊரே அங்கே தோரணம் கட்டிக்கொண்டு நின்றது.

"குலசிங்கமண்ணை, ஏணி ஒண்டு வச்சு மதிலால இறங்கியிருக்கலாமே!" என்று யாரோ கத்த, பிரசங்கியாரே சிரித்துவிட்டார்.

பரராசசிங்கம் ஓடிவந்து பெட்டியை வாங்கினான். "அண்ணை, இவர் உங்கட விருந்தாளிதான். சாப்பாடு உங்கட குசினியிலயிருந்தே வரட்டும். படுக்கை மட்டும் இஞ்ச."

அவனுடைய பெருந்தன்மை அவரை இன்னும் எரித்தது. கதிரையில் அமர்ந்த குலசிங்கத்தாரின் பாதங்களைக் குளிர்ந்த காற்று வந்து தடவியது. அவர் காலைத் தூக்கிச் சம்மணம் கட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் மதிலில் வழி உடைக்க மேசனைக் கூப்பிட்டார்.

"காத்துக்கோ?" என்றாள் கோசலா.

"காத்தை ஆர் கேட்டது? பிரசங்கியாருக்குச் சோறு சூடாய்ப் போக வேணும்."

யன்னலுக்கு நேரே நாலு கல் விழுந்ததும் உள்ளே திரைச்சீலை அசைந்தது.

"இன்னும் அகட்டி உடை," என்றார்.

"சோறு தேரிலயோ போகுது, ஐயா?" என்றான் மேசன்.

உடைத்த வழியால் புகைபோக்கி முழுதாகத் தெரிந்தது. அவர் கதிரையைத் தூக்கி, அதற்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தார்.