நாரைமரத்தை உலுக்கிய நாள்

மார்க்கையன்கோட்டைக்கு மேற்கே ஒரு சின்னக் கண்மாய். அதன் கரையில் நிற்கும் பொதுப் புளியமரத்துக்கு ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சிவராத்திரிக்கு முந்தி யாரும் அதன் கிளையில் கை வைக்கக் கூடாது. ஐப்பசி மழையோடு வலசை வரும் நத்தைகுத்தி நாரைகள் அங்கேதான் கூடு கட்டும். தை முடிவதற்குள் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். பிறகுதான் பழம் ஊருக்கு. யார் போட்ட கணக்கோ, தப்பியதே இல்லை.

அப்போது இருபத்திரண்டு வருஷமாக முதலில் மரமேறி வந்தவன் கருத்தக்கண்ணன். அவன் குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் உலுக்குவார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்வான்.

செல்போன் ஊருக்குள் வந்த புதுசில் ஒரு வருஷம் ஐப்பசியில் மழை எட்டிப் பார்க்கவில்லை. கார்த்திகையும் காய்ந்தது. மார்கழி பிறந்த பிறகுதான் கண்மாயில் தண்ணீர் நின்றது, நாரைகளும் வந்தன. ஊரே அதிசயமாகப் பேசியது. ஆனால் குஞ்சு பறக்க எத்தனை மாசம் ஆகும் என்று ஒருத்தராவது விரல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டுமே, பார்க்கவில்லை.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் மரத்தடியில் படுதா விரித்தார்கள். ஊரிடம் பழத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் புதுச் செல்போனில், லாரியை வரச் சொல்லி ஊருக்கே கேட்கப் பேசிக்கொண்டிருந்தார். கருத்தக்கண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டும்போது மனைவி பவுனு பக்கத்தில் வந்தாள்.

"குஞ்செல்லாம் இன்னும் கூட்டுலதான் இருக்கு. அதுக வந்ததே மார்கழியிலதான? பங்குனி பாதி வரைக்கும் பொறுங்க."

"சிவராத்திரி தாண்டி இங்கன எந்தக் குஞ்சு இருந்துருக்கு? அதான் றெக்க மொளச்சிருச்சுல்ல. உலுக்குனா தானாப் பறந்துரும். நீ தள்ளி நில்லு புள்ள."

மேலே ஏறியதும் பார்த்தான். குஞ்சுகள் கோழி அளவுக்கு வளர்ந்து, சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றன. போதும் என்று தோன்றியது. குரல் கொடுத்தான். நாலு கிளையிலும் ஆட்கள் உலுக்கினார்கள்.

குஞ்சுகளுக்கு றெக்கையை விரிக்கத் தெரிந்தது. பறக்கத் தெரியவில்லை. பழத்தோடு பழமாகப் படுதாவில் விழுந்தன. "நிறுத்துங்கலே" என்று அவன் கத்துவதற்குள் பதினோரு குஞ்சுகள் கீழே கிடந்தன. உயிரோடிருந்த மூன்றை மடியில் கட்டிக்கொண்டு மறுபடி ஏறிக் கூட்டில் வைத்தான். அவையும் இரண்டு நாள் தாங்கவில்லை. தாய் நாரைகள் நத்தையோடு வந்து, கூட்டைச் சுற்றிச் சுற்றி நின்றன. பவுனு திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மறு வருஷம் ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்தது. நாரைகள் வந்தன, மரத்துக்கு மேலே இரண்டு வட்டம் அடித்தன, கிழக்கே போய்விட்டன. அதற்கடுத்த வருஷம் வட்டமடிக்கக்கூட வரவில்லை.

தை மாதம் பறவைக் கணக்கெடுக்க வந்த பெனிட்டா டீச்சர், கண்மாய்க் கரையில் நின்ற ஆட்களிடம் காரணம் கேட்டார்.

"மழையே தாறுமாறாப் போச்சு டீச்சர். அதுக என்ன செய்யும்?" என்றார் ஒருவர். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். டீச்சரும் நோட்டில் அதையே எழுதினார். கருத்தக்கண்ணனும் பேசாமல் இருந்திருக்கலாம். அவனை யாரும் கேட்கவில்லை.

"அதமட்டும் எழுதாதீக டீச்சர்," என்றான். "ரெண்டு வருஷம் முந்தி மழ பிந்திச்சு, நாரையும் அதுக்குத் தக்கன பிந்தி வந்துச்சு. நாங்கதான் ஒரு மாசம் பொறுக்கல. மொதக் கொரல் குடுத்தவன் நானு."

டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.